பதினான்கு மாதக் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டே கருத்தரிக்க முயன்றால் கரு கலையுமா? மாதவிடாய் திரும்பி மூன்று மாதமாகியும் கரு நிற்கவில்லை; பாலை நிறுத்தச் சொல்லி மாமியார் வற்புறுத்துகிறார்.

சிக்கலற்ற கர்ப்பத்தில், பாலூட்டுவதால் கரு கலையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே உங்கள் மாமியார் வற்புறுத்துகிறார் என்பதற்காகக் குழந்தையின் பாலை உடனே நிறுத்த வேண்டியதில்லை. பாலூட்டும்போது ஆக்ஸிடாசின் என்னும் ஹார்மோன் சுரந்து கருப்பையைச் சற்றுச் சுருங்கச் செய்வது உண்மைதான். ஆயினும் தொடக்க மாதங்களில் கருப்பை அதற்கு அவ்வளவாக இணங்குவதில்லை.

மாதவிடாய் திரும்பி மூன்று மாதமாகியும் கரு நிற்காததற்கு வேறொரு காரணம் இருக்கலாம். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் கருமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கக்கூடும். முட்டை வெளிப்பட்டாலும், அதற்கும் அடுத்த மாதவிடாய்க்கும் இடைப்பட்ட நாட்கள் முதற்சில சுழற்சிகளில் குறைவாக இருக்கக்கூடும்.

கருமுட்டை வெளிப்படும் காலத்தைக் காட்டும், மருந்துக்கடையில் கிடைக்கும் பரிசோதனைப் பட்டையைக் கொண்டு இரண்டு சுழற்சிகள் அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். பத்துக்கும் குறைவாக இருந்தால், இரவுப் பாலூட்டலை மெல்லக் குறைத்துப் பார்க்கலாம். ஃபோலிக் அமில மாத்திரையை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், இப்போதே தொடங்குங்கள்.

முன்பு கருச்சிதைவோ குறைப்பிரசவமோ நேர்ந்திருந்தால், அல்லது கருத்தரித்தபின் உதிரப்போக்கோ அடிவயிற்று வலியோ தோன்றினால், என் பதிலை நம்பியிராமல் மகப்பேறு மருத்துவரைத் தாமதமின்றிப் பாருங்கள்.