ஐபாட் மினில 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் மாட்டலாமா? – பதில்

தம்பி, சுங்கை சிப்புட் எஸ்டேட்ல இருந்துகிட்டு 4 ஜிபி ஐபாட் மினில (ஆப்பிளோட பழைய குட்டி பாட்டுப் பெட்டி) பழைய கம்ப்யூட்டரோட 3.5 இன்ச் ஐடிஇ டிஸ்க்க (பழைய வகை ஒயர் இணைப்பு உள்ள ஹார்ட் டிஸ்க்) ஒயர் இழுத்து மாட்டலாமான்னு கேட்டிருக்கீங்க, ஆசை நல்ல ஆசைதான் லா. மினிக்கு உள்ள இருக்கிற மைக்ரோடிரைவும் (குட்டி ஹார்ட் டிஸ்க்) அந்த ஐடிஇ டிஸ்க்கும் பேசுறது ஒரே பாஷைதான், அதனால காகிதத்துல இது நடக்கும். ஆனா மினி பேட்டரி 3.7 வோல்ட், பெரிய டிஸ்க்குக்கு 5 வோல்ட்டும் வேணும் 12 வோல்ட்டும் வேணும், அப்ப கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) பேட்டரிய கழட்டி பக்கெட்ல போட்டு தூக்கிட்டு நடக்கணும், இல்ல டிஸ்க்க கப்சாய் கூடையிலயே கட்டிக்கிட்டு செம்பனைக்குள்ள இருக்கிற மண் ரோட்டுல ஓட்டணும், முதல் பள்ளத்துலயே டிஸ்க்க படிக்கிற ஹெட் போய் உள்ள சுத்துற தட்டுல உரசி பாட்டுக்குப் பதிலா கறகறன்னு சத்தம்தான் வரும். பசங்க சிரிப்பாங்க, அதுக்காகவே செய்யலாம்னா செய்ங்க!

நெசமா இடம் வேணும்னா எஸ்டி கார்டும், அத மைக்ரோடிரைவ் இடத்துல மாட்ட உதவுற சிஎஃப் (காம்பேக்ட் ஃபிளாஷ்) அடாப்டரும் வாங்குங்க, அடாப்டர் டைப் 2ங்கிற கூடுதல் தடிமன்னாலும் பரவால்ல, மைக்ரோடிரைவும் அதே தடிமன்தான். மேல கீழ ரெண்டு வெள்ளை மூடியும் பசையில ஒட்டியிருக்கும், ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டி மெதுவா நெம்புங்க, மேல ரெண்டு ஸ்க்ரூ, கீழ ஒரு கிளிப், அதக் கழட்டினா போர்டு அப்படியே வழுக்கிக்கிட்டு மேல வந்துரும். கீழ உள்ள வீல் ரிப்பன (முன்னாடி இருக்கிற வட்டப் பட்டனோட தட்டை ஒயர்) மட்டும் முதல்லயே கழட்டிருங்க, அது கிழிஞ்சா வேற கிடைக்கிறது கஷ்டம். மாட்டிட்டு ஐடியூன்ஸ்ல ரிஸ்டோர் குடுங்க.