நில்பொட்டென்ட் உறுப்பின் மையமாக்கியில் உள்ளவை எல்லாம் நில்பொட்டென்ட்தானா?

சேப்பாக்கத்தில் முதுகலைக் கணிதம் பயிலும் நண்பர் கேட்டிருப்பது இதுதான்: அரை-எளிய லீ இயற்கணிதம் (xy − yx போன்ற பெருக்கல் உடைய, எளிய பகுதிகளின் கூட்டலாக அமையும் திசையன் வெளி) ஒன்றில், ஒரு நில்பொட்டென்ட் உறுப்போடு (அணியாகப் பார்த்தால், தன்னைத்தானே போதுமான முறை பெருக்கப் பூச்சியமாகிவிடும் உறுப்பு) பரிமாறும் உறுப்புகள் அனைத்தும், அதாவது அதன் மையமாக்கி முழுவதும், நில்பொட்டென்ட் ஆகுமா? பொதுவாக ஆகாது. சிக்கலெண்களின் மீது, சுவடு (மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை) பூச்சியமான 3×3 அணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வலது மேல் மூலையில் மட்டும் 1 உள்ள அணியின் மையமாக்கிக்குப் பரிமாணம் 4, ஆனால் 1, −2, 1 என்ற மூலைவிட்ட அணியும் அதனுள் இருக்கிறது, அது நில்பொட்டென்ட் அல்ல. இருந்தாலும், நில்பொட்டென்ட் உறுப்பு தன் மையமாக்கி முழுவதற்கும் கில்லிங் வடிவத்தின்படி (இரு உறுப்புகளின் துணைச் செயலிகளைப் பெருக்கி எடுத்த சுவடு) செங்குத்தாகவே நிற்கும்; x-இன் துணைச் செயலி என்பது y-ஐ xy − yx ஆக மாற்றுவது. ஏனெனில் பரிமாறும் இரண்டில் ஒன்று நில்பொட்டென்ட் என்றால், அவற்றின் துணைச் செயலிகளைப் பெருக்கினால் கிடைப்பதும் நில்பொட்டென்ட், அதன் சுவடு பூச்சியம்.

மையமாக்கி முழுதும் நில்பொட்டென்டாக அமையும் உறுப்புகளைச் சிறப்புற்றவை என்பர். என் பார்வையில் பொருளின் உயிர் இங்கேதான் உள்ளது: பரிமாறும் நில்பொட்டென்ட் இணைகளின் வெளியைப் பகுக்க முடியாத கூறுகளாகப் பிரித்தால், சிறப்புற்ற சுற்றுப்பாதை (இயற்கணிதத்தின் சமச்சீர்க் குலத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றை அடையக்கூடிய சிறப்புற்ற உறுப்புகளின் தொகுதி) ஒவ்வொன்றுக்கும் ஒரு கூறு வருகிறது, எல்லாக் கூறுகளின் பரிமாணமும் இயற்கணிதத்தின் பரிமாணமே என்று கணிதவியலாளர் பிரெமெட் 2003இல் நிறுவினார். சுவடற்ற அணிகளில் சிறப்புற்ற சுற்றுப்பாதை ஒன்றே. ஆகவே கூறும் ஒன்றே. 14 பரிமாணமுள்ள ஜி-2 என்ற லீ இயற்கணிதத்திலோ இரண்டு.