கின்ட்சுகி கிட்ல ஒட்டின கப்ல டீ குடிக்கலாமா?

டோக்கியோ நிஷி-கசாய்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. மாஷிகோ மண்பாண்டச் சந்தைல ஆசையா வாங்குன கப் ரெண்டா உடைஞ்சிடுச்சாம், ஆன்லைன்ல கின்ட்சுகி (உடைஞ்சத உருஷிங்கிற மரப்பால்ல ஒட்டி, ஒட்டுன கோட்டுல தங்கப் பொடி தூவுற ஜப்பான் முறை) கிட் வாங்கி ஒரே மத்தியானத்துல ஒட்டிட்டாங்களாம், தங்கக் கோடு சூப்பரா வந்திருக்காம். இனிமே அதுல டீ குடிக்கலாமா, பையனுக்குப் பால் குடுக்கலாமான்னு கேள்வி.

வேணாம்மா. ஒரு மத்தியானத்துல காய்ஞ்சிடுச்சுன்னா அது எபாக்ஸிங்கிற ரசாயனப் பசை, மேல இருக்கிறது பெரும்பாலும் பித்தளைப் பொடி, இல்லன்னா மைக்கா மினுமினுப்பு. சூடா ஊத்த ஊத்த பசை இளகும், பித்தளை கறுக்கும். பெட்டியத் திருப்பிப் பாருங்க, சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகாதுன்னு எறும்பு சைஸ் எழுத்துல போட்டிருப்பான், ஆனா முன்பக்கம் மட்டும் டீ ஊத்துற படம்! உணவுச் சுகாதாரச் சட்டமெல்லாம் இருக்கு, அது விக்கிற பாத்திரத்தத்தான் பாக்கும், நீங்க வீட்ல ஒட்டிக் குடிக்கிறத எந்த அதிகாரியும் வந்து பாக்கப் போறதில்ல, இது விக்கிறவனுக்கு நல்லாவே தெரியும்.

இன்னொரு பொறி 'ஷின் உருஷி'. பேர்ல உருஷி இருக்கு, டியூப்ல வருது, சீக்கிரம் காயுது, ஆனா மரத்துல எடுத்த அசல் உருஷி பால் இல்ல. ஒரு மணி நேரத்துல கின்ட்சுகி கத்துத் தர்றோம்னு டூரிஸ்ட் ஏரியால கூப்பிடுறாங்களே, அங்க அசல் உருஷிக்கு வாய்ப்பே இல்ல. கையில சர்ட்டிபிகேட் வேற குடுத்து அனுப்புவாங்க.

அசல்னா இப்படி: கோதுமை மாவத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு அதுல உருஷி கலந்து ஒட்டணும், விட்டுப்போன இடத்த மண்பொடி கலந்த உருஷியால அடைக்கணும், தேய்ச்சு, மறுபடி பூசி, கடைசியில சிவப்பு உருஷி மேல தங்கப் பொடி தூவணும். ஒன்னு ரெண்டு மாசம் ஆயிடும். உருஷி வெயில்ல காயாது, அது இறுகவே ஈரக்காத்து வேணும், 70-80 சதவீத ஈரப்பதம், 25 டிகிரி பக்கம் சூடு. டோக்கியோ குளிர்காலத்துல ஈரத்துணி போட்ட அட்டைப்பெட்டி இல்லாம நடக்காது, ஜூன் மழை சீசன்தான் வசதி. அப்புறம், 'ஜப்பான் நாட்டு உருஷி'ன்னு விலை ஏத்தி விக்கிறத முதல் கப்புக்கு வாங்காதீங்க. வட ஜப்பான்ல இவாத்தே மாகாணத்து ஜோபோஜி பக்கம் 10-15 வருஷம் வளத்த மரத்துல 200 கிராம்தான் கிடைக்கும், விலை அதுக்குத்தான். இந்த நாட்ல புழங்குறதுல பெரும்பகுதி சீன உருஷிதான், உங்க வேலைக்கு அதே போதும்.

ஒருத்தங்க மட்டும் கிட்டயே போகக்கூடாது. மாம்பழம் கடிச்சுத் தின்னா உங்களுக்கு வாய் ஓரம் அரிக்குமா? மாங்காய்ப் பால் பட்டா தடிக்குமா? முந்திரிக் கொட்டை எண்ணெய் பட்டு தோல் வெந்திருக்கா? இதெல்லாம் உருஷியோட குடும்பம், உருஷில இருக்கிற உருஷியாலும் மாம்பால்ல இருக்கிறதும் பங்காளிங்க. நல்ல தோல் இருக்கவங்களுக்கே காயாத உருஷி பட்டா ஒன்னு ரெண்டு நாள் கழிச்சு கொப்புளம் கிளம்பும், பட்ட அன்னிக்கு ஒன்னுமே தெரியாது, அதான் ஏமாத்தும். உங்களுக்கு மாம்பழ அரிப்பு இருந்தா இந்த ஆசைய விட்டுடுங்க, கிளவுஸ் போட்டுக்கிறேன்னு சமாதானம் சொல்லாதீங்க. அரிப்பு இல்லாதவங்களும் நைட்ரைல் கிளவுஸ், முழுக்கை சட்டை. தோல்ல பட்டா முதல்ல சமையல் எண்ணெய் வச்சுத் துடைச்சிட்டு அப்புறம் சோப்பு. காயுற பெட்டி குழந்தை கைக்கு எட்டாத இடத்துல இருக்கணும்.

இப்போ உங்க கப்பு. ஒட்டின எபாக்ஸிய வெந்நில ஊற வச்சா அனேகமா பிரியும், பிரிச்சு சுத்தமா சுரண்டிட்டு அசல் முறைல ஒட்டலாம், அப்பவும் மைக்ரோவேவும் டிஷ்வாஷரும் கூடாது. அவ்வளவு பொறுமை இல்லன்னா பேனா போட்டு வைங்க, பையனுக்கு வேற கப்ல பால் குடுங்க.