குட்டி கடிக்கிறது, குழந்தை அலறுகிறது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குழந்தைகள் கேட்டார்கள் என்று நாய்க்குட்டி வாங்கிய வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டரை மாதக் குட்டி விளையாட்டாகக் கடித்ததில் மகன் கையில் கீறல். ரத்தம் லேசாகக் கசிந்தது. வீட்டுக்குள்ளேயே வளரும் குட்டிதானே, ஊசி வேண்டுமா? (வியாசர்பாடி)

வேண்டும். இந்த வயதில் குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசியே போட்டிருக்க மாட்டார்கள். முதல் ஊசி வழக்கமாக 3 மாதம் முடிந்த பிறகுதான். தாய் நாய்க்கு ஊசி போட்டார்களா, உங்கள் வீட்டுக்கு வருமுன் குட்டியைத் தெருநாய் ஏதாவது கடித்ததா என்பதெல்லாம் விற்றவர் வாய்ச்சொல்லாகத்தான் இருக்கும்.

முதல் வேலை கழுவுவது. குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். இரண்டு நிமிடத்தில் போதும் என்று தோன்றும், போதாது. பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி தடவலாம். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கட்டும் போடாதீர்கள்.

அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ஊசி இலவசம். ரத்தம் வராமல் வெறும் கீறலாக இருந்தாலும் தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்திருந்தால் அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்திலேயே போடுவார்கள். தோலில் போடும் முறையில் ஊசி நாட்கள் 0, 3, 7, 28 (0 என்பது முதல் ஊசி போடும் நாள்). தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. குட்டியை 10 நாள் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. குட்டி நன்றாக இருந்தால் மீதி ஊசிகளை என்ன செய்வது என்று மருத்துவர் முடிவு செய்வார். பையன் ஏற்கெனவே இந்த ஊசிகளை முழுதாகப் போட்டவன் என்றால் அந்தச் சீட்டை எடுத்துப் போங்கள்.

குட்டிக்கு ரேபிஸ் ஊசி நாள் வந்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வீட்டருகே உள்ள கால்நடை மருத்துவரிடமோ போட்டுவிட்டு, நாய் வளர்ப்பதற்கான மாநகராட்சி உரிமத்தையும் வாங்கிவிடுங்கள்.

ஒன்பது வார லாப்ரடார். ஆறு வயது மகள் நடந்தாலே பாவாடையைப் பிடித்து இழுக்கிறது, குதிகாலைக் கடிக்கிறது. 'ஆவ்' என்று கத்தச் சொன்னார்கள். கத்தினால் இன்னும் துள்ளுகிறது. (பெரம்பூர்)

கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடும்போது ஒன்று அழுத்திக் கடித்தால், மற்றது கீச்சென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தலாம் என்று குட்டி கற்றுக்கொள்வது அப்படித்தான். (எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் பலமாகக் கடிப்பதற்கும் இதுவே காரணம்.) 'ஆவ்' யோசனை அங்கிருந்து வந்தது. அதில் பலன் தருவது கத்தலைத் தொடர்ந்து விளையாட்டு நின்றுபோவது. உங்கள் மகள் கத்துகிறாள், கையை உதறுகிறாள், ஓடுகிறாள். குட்டிக்கு இதைவிட நல்ல விளையாட்டு ஏது?

மகளுக்கு 'ஸ்டேச்சூ' தெரிந்திருக்கும். அதையே பயன்படுத்துங்கள். நீங்கள் 'ஸ்டேச்சூ' என்றதும் கால்களைச் சேர்த்து, கைகளை அக்குளுக்குள் மடக்கி, கூரையைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். முதலில் குட்டி இல்லாமல் நாலைந்து முறை பழக்குங்கள். பிறகு குட்டியோடு விளையாடும்போது அதன் கழுத்துப் பெல்ட்டில் ஐந்தடி நீள லேசான கயிறு ஒன்று இருக்கட்டும். நுனி உங்கள் கையில். பல் பட்டதும் 'ஸ்டேச்சூ'. நீங்கள் கோபப்படாமல் குட்டியைக் கயிற்றால் ஒதுக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் 20, 30 விநாடி விடுங்கள். மறுபடி சேர்த்து, வாயில் பொம்மையைக் கொடுங்கள். ஐந்து நிமிடம் அடைத்து வைத்தால் எதற்காக அடைத்தீர்கள் என்பதே அதற்கு மறந்துவிடும். ஒரே மாலையில் பத்து முறை செய்ய நேரலாம், செய்யுங்கள். சேர்த்தவுடனே தொடர்ந்து மூன்றாம் முறையும் கடித்தால் குட்டி களைத்திருக்கிறது, தூங்க வையுங்கள்.

குழந்தையின் தோலில் பல்லே படக் கூடாது என்பது முதல் நாளிலிருந்தே விதி. பெரியவர்கள் மட்டும் சில வாரம் படிப்படியாகப் போகலாம்: முதலில் வலிக்கும் கடிக்கு மட்டும் எழுந்து போவது, பிறகு சற்று அழுத்தினாலும் எழுந்து போவது, கடைசியில் பல் பட்டாலே. இப்படிக் கற்ற குட்டி, பின்னால் வாலை யாராவது மிதித்துவிட்டால்கூட அழுத்திக் கடிக்காமல் விட வாய்ப்பு அதிகம்.

விளையாடும் நேரத்தில் பாவாடை, துப்பட்டா, கொலுசு வேண்டாம். ஆடுவதும் ஒலிப்பதும் குட்டியை இழுக்கும். குழந்தை பிடிக்கும் பொம்மை இரண்டடியாவது நீளமாக இருக்கட்டும், வாய் ஒரு முனையில், விரல் மறுமுனையில். துணியைப் பல்லில் பிடித்துக்கொண்டால் எதிர்த்து இழுக்காதீர்கள். அப்படியே நின்று, மூக்கருகே தீனியைக் காட்டினால் விட்டுவிடும்.

பகலெல்லாம் சாதுவாக இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணியானால் பேய் பிடித்ததுபோல் எல்லாரையும் கடிக்கிறது. (மடிப்பாக்கம்)

தூக்கமின்மை. சில மாதக் குட்டி ஒரு நாளைக்குச் சுமார் 18 மணி நேரம் தூங்க வேண்டும். நான்கு மணிக்குப் பள்ளி விட்டுக் குழந்தைகள் வருகிறார்கள், அப்போது எழுந்த குட்டி ஒன்பது மணி வரை கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரம் விழிப்பு, பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரம் தூக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து, ஐந்தரைக்கு ஆள் நடமாட்டமில்லாத அறையில் மின்விசிறியைப் போட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள். தூங்கும் குட்டியை யாரும் தொடக் கூடாது.

தாத்தா அதன் வாயை இறுக்கிப் பிடிக்கிறார், மூக்கில் தட்டுகிறார். அப்போதைக்கு நிற்கிறதே? (மயிலாப்பூர்)

அப்போதைக்குத்தான். அடுத்த கட்டத்தில், முகத்தருகே வரும் எந்தக் கையையும் குட்டி சந்தேகப்படும். அந்தக் கை பெரும்பாலும் குழந்தையுடையதாக இருக்கும். தாத்தாவிடம் வாதாட வேண்டாம். கீழே சொல்லும் கேரட்டை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

நாலரை மாதம். பல் விழுகிறது, நாற்காலிக் கால் முதல் விரல் வரை கடிக்கிறது. என்ன கொடுக்கலாம்? (அண்ணா நகர்)

28 பால் பற்கள் போய் 42 நிரந்தரப் பற்கள் வரும் காலம் இது. மூன்று, நான்கு மாதத்தில் தொடங்கி ஏழு மாதத்துக்குள் முடியும். தரையில் அரிசி மாதிரி ஒரு பல், பொம்மையில் துளி ரத்தம் எல்லாம் சாதாரணம். ஈறு அரிப்பதால் குளிர்ச்சியானது நல்லது. முழு கேரட்டை ஃப்ரீஸரில் வைத்துக் கொடுங்கள். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் சிக்கும். கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்ததும் குட்டியிடமிருந்து எடுத்துவிடுங்கள். பருத்தித் துண்டை நனைத்து முறுக்கி உறைய வைத்தும் தரலாம்.

கடையில் வாங்கும் கடிபொம்மையில் உங்கள் நகத்தை அழுத்திப் பாருங்கள். பதியவே இல்லை என்றால் அது பல்லை உடைக்கும். கொம்பு, குளம்பு வகைகள் அப்படிப்பட்டவை. பிரியாணி எலும்பு, மாங்கொட்டை, இளநீர் மட்டை, சோளக்கட்டை வேண்டவே வேண்டாம். கோடையில் மாங்கொட்டையை விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். பழைய செருப்பும் கொடுக்காதீர்கள், புதுச் செருப்பு எது என்று அதற்குத் தெரியாது.

பொமரேனியன், ஷிட்ஸூ போன்ற சின்ன இனங்களில் பால் கோரைப்பல் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டி நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தட்டருகே பையன் போனால் உறுமுகிறது. இதுவும் விளையாட்டா? (தாம்பரம்)

இல்லை. விளையாட்டுக் கடியில் உடம்பு நெகிழ்ந்து துள்ளும், பின்பக்கம் தூக்கி நிற்கும். இங்கே உடம்பு விறைக்கும், வாய் தட்டிலேயே உறையும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும். உறுமியதற்கு அடித்தால் உறுமலை நிறுத்திவிட்டு நேராகக் கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

தட்டைப் பிடுங்கிப் பழக்குவதை நிறுத்துங்கள். சாப்பாடு தடுப்புக்குப் பின்னால், பையன் வராத இடத்தில். பெரியவர் ஒருவர் ஆறடி தள்ளி நடந்துபோகும்போது, உப்பில்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழித்துண்டு ஒன்றைத் தட்டருகே எறிந்துவிட்டுப் போக வேண்டும். உடம்பு தளர்வாக இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஓரடி நெருங்கலாம், விறைத்தால் பின்வாங்குங்கள். இந்தப் பயிற்சி பையனுக்கு இல்லை. பாய்ந்து கடிக்க வந்தாலோ, இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டாலோ கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வலியும் காரணமாக இருக்கலாம்.

பத்து மாதக் குழந்தை தவழ்கிறது. இரண்டையும் எப்போது சேர்த்து விடலாம்? (போரூர்)

தரையில் சேர்த்து விடவே வேண்டாம். குழந்தை தரையில் என்றால் குட்டி தடுப்புக்குள். குட்டி வெளியே என்றால் குழந்தை மடியில். கதவு மணி அடித்தால், அடுப்பில் பால் பொங்கினால், இரண்டில் ஒன்றைக் கையோடு தூக்கிக்கொண்டு போங்கள்.