13 வயது மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி: இப்போதே போடலாமா, கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது 8 மாதம். வயதுக்கு வந்து ஒன்றரை ஆண்டாகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசியைப் போட்டுவிடச் சொல்கிறார் எங்கள் குழந்தைகள் நல மருத்துவர். 2022-ல் மூத்தவனுக்குப் பள்ளியிலேயே கோவேக்சின் போட்டபோதே வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. இப்போது மாமியார், "கர்ப்பப்பைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு போட்டுக்கொள்ளட்டும்" என்கிறார். கணவரும் தயங்குகிறார். என்ன செய்வது?

பதில்: போடுங்கள். 15-வது பிறந்தநாள் வருவதற்குள் முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். உங்கள் மகளுக்கு இன்னும் 1 ஆண்டு 4 மாதம் இருப்பதால் நாளைக்கே ஓட வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்து பேசி, எல்லோருடைய சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டு போகலாம். ஆனால் கல்யாணம் வரை தள்ளிப்போடாதீர்கள். அப்படித் தள்ளினால் ஊசியின் பயனில் பெரும்பகுதி போய்விடும்.

முதலில் கோவிட் ஊசியையும் இதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2022 ஜனவரி 3-ம் தேதி 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குக் கோவேக்சின் போடத் தொடங்கியபோது நோயும் புதிது, ஊசியும் புதிது. சில வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி வேறு. கொரோனா வைரஸ் உருமாறிக்கொண்டே இருந்ததால், போட்டவர்களுக்கும் திரும்பத் தொற்று வந்தது. "போட்டும் வந்ததே, அப்புறம் எதற்கு?" என்ற கசப்பு அங்கிருந்துதான் பிறந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்னும் பாப்பிலோமா வைரஸ் அப்படி வேகமாக உருமாறுவதில்லை. இதற்கான ஊசி 2006 முதல் உலகில் பயன்பாட்டில் இருக்கிறது. 2007-லேயே ஆஸ்திரேலியா இதைத் தேசியத் திட்டமாக்கிவிட்டது. அந்நாளில் போட்டுக்கொண்ட சிறுமிகள் இன்று முப்பது வயதுப் பெண்கள், பலர் தாய்மார்கள். ஆகவே இந்த ஊசியைப் பற்றி ஊகத்தில் பேச வேண்டிய நிலை இல்லை.

எச்.பி.வி.யில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் இந்தியாவின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்குக் காரணம். தாம்பத்திய உறவின்போது தோலும் சவ்வும் உரசுவதால் தொற்றுகிறது. ஆணுறை ஓரளவுதான் தடுக்கும். பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடுகிறது. சிலருக்கு மட்டும் கர்ப்பப்பை வாயின் செல்களுக்குள் தங்கி, 15, 20 ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து புற்றாக மாறுகிறது. உடலுறவுக்குப் பின் ரத்தக் கசிவு, மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் என்று தெரியவரும்போது பலருக்கு நோய் முற்றியிருக்கிறது. 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் புதிதாக இந்நோய் கண்டவர்கள் சுமார் 1,27,000 பேர். இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். பெரும்பாலும் வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும் வயதில் இருப்பவர்கள். தடுக்க வழி கையில் இருக்கும்போது இத்தனை பேர் போவதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை.

"கல்யாணத்துக்குப் பிறகு" ஏன் தாமதம்?

இந்த ஊசி இனி வரப்போகும் தொற்றைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே புகுந்த வைரஸை விரட்டாது. எனவே தொற்றுக்கு வாய்ப்பே இல்லாத வயதில் போடுவதுதான் முறை. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் எதிர்ப்புச் சக்தியும் நன்றாக உருவாகிறது. இதில் மகளின் நடத்தையைப் பற்றிய சந்தேகம் எதுவும் இல்லை. வாழ்நாள் முழுவதும் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் இந்தத் தொற்று வரும். கணவருக்கு முன்பே தொற்றியிருந்தால் போதும். மாமியாரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். "மஞ்சள் காமாலைக்கு, அம்மைக்குப் போட்ட மாதிரி இது புற்றுநோய்க்கு" என்று சொன்னால் மகளுக்கும் புரியும். 13 வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு விளக்கம் போதும்.

வயது வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020-ல் வெளியான சுவீடன் ஆய்வு நல்ல சான்று. 17 வயதுக்கு முன் ஊசி போட்ட பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. 17 வயதுக்குப் பின் போட்டவர்களிடம் 53 சதவீதம்தான் குறைந்தது. ஊசி ஒன்றுதான், போட்ட வயதுதான் வேறு.

கர்ப்பப்பைக்கு ஏதும் ஆகுமா?

ஆகாது. ஊசிக்குள் வைரஸ் இல்லை. அதன் வெளிக்கூட்டைப் போலச் செய்த புரதம் மட்டுமே இருக்கிறது. மரபுப் பொருள் இல்லாத வெற்றுக்கூடு என்பதால் தொற்றை உண்டாக்கவோ உடலில் பெருகவோ அதனால் முடியாது. கர்ப்பப்பையையோ சினைப்பையையோ அது தொடுவதில்லை. கையிலுள்ள தசையில் இறங்கி, அங்கே நோய் எதிர்ப்புச் செல்களுக்கு அடையாளம் காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. சினைப்பை சீக்கிரம் செயலிழக்கிறதா என்று தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள்; தொடர்பு காணப்படவில்லை. உண்மையில், புற்றுக்கு முந்தைய நிலையில் கர்ப்பப்பை வாயை வெட்டிச் சிகிச்சை செய்ய நேர்ந்த பெண்களுக்குத்தான் பின்னாளில் குறைப்பிரசவ ஆபத்து கூடுகிறது. மாமியார் கவலைப்படும் கர்ப்பப்பையைக் காப்பாற்றுவதே இந்த ஊசிதான்.

ஜப்பானில் 2013 ஜூனில் இதே அச்சம் பரவி, அரசு ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்திவைத்தது. 70 சதவீதம் அளவில் போட்டுக்கொண்டிருந்த சிறுமிகளின் எண்ணிக்கை 1 சதவீதத்துக்கும் கீழே போனது. பிறகு நகோயா நகரில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் மாதவிடாய்க் கோளாறு, தலைவலி, மூட்டுவலி உட்பட 24 அறிகுறிகளைக் கேட்டுப் பார்த்தார்கள். போட்டவர்கள், போடாதவர்கள் இருவரிடமும் வித்தியாசம் இல்லை. 2022 ஏப்ரலில் ஜப்பான் பரிந்துரையைத் திரும்பக் கொண்டுவந்தது. இடையில் போன ஒன்பது ஆண்டுகள் அந்தப் பெண்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

உங்கள் வீட்டில் யாராவது "ஆந்திராவில் சிறுமிகள் இறந்தார்களே" என்று கேட்டிருக்கலாம். அதற்கு முழுப் பதில் சொல்ல வேண்டும். 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் முன்னோடித் திட்டமாக இந்த ஊசி போடப்பட்டது. ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். விசாரணையில் நீரில் மூழ்கியது, பாம்புக் கடி, மலேரியா, தற்கொலை போன்றவையே காரணங்களாகத் தெரியவந்தன. ஊசியால் இறந்ததாகக் காணப்படவில்லை. ஆனால் வேறொரு பெரிய தவறு வெளிப்பட்டது. பெற்றோரிடம் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே பல சிறுமிகளின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கோபம் நியாயமானது. அதனால்தான், பள்ளியிலிருந்து படிவம் வந்தால் படித்துப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.

அன்று திடீரென நிறுத்தியதில் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அப்போது இந்தியாவில் தனியாக நடந்துகொண்டிருந்த மற்றொரு ஆய்விலும் ஊசி போடுவது நின்றது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அதன் மையங்களில் ஒன்று. இரண்டு, மூன்று ஊசி போட வேண்டிய சிறுமிகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே ஊசியோடு நின்றுவிட்டார்கள். பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், ஒரே ஊசி போட்டவர்களுக்கும் 16, 18 வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து 95 சதவீதம் பாதுகாப்பு இருந்தது. ஒரு டோஸே போதுமானதாக இருக்கலாம் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு இந்த ஆய்வும் ஓர் ஆதாரம்.

எந்த ஊசி, எத்தனை டோஸ்?

இங்கே கிடைப்பவை செர்வாவாக், கார்டசில், கார்டசில் 9. முதல் இரண்டும் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கும். 6, 11 புற்றுக்குக் காரணமல்ல; பிறப்புறுப்பு மருக்களுக்குக் காரணம். கார்டசில் 9 கூடுதலாக, புற்றை உண்டாக்கும் இன்னும் ஐந்து வைரஸ் வகைகளைத் தடுக்கும். ஒரு டோஸ் பத்தாயிரம் ரூபாய் அளவில் வரும். சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் செர்வாவாக்கின் விலை அதில் ஒரு சிறு பங்கு. 2023-ல் அறிமுகமானபோது 2 டோஸ் கொண்ட ஒரு குப்பிக்கு அதிகபட்ச விலை ரூ.2,000. குப்பியில் எத்தனை டோஸ், உங்களிடம் எத்தனைக்குப் பணம் வாங்குகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் வசதி இருந்தால் ஒன்பது வகை ஊசி நல்லதுதான். இல்லையென்றால் "பணம் சேர்த்துப் போடலாம்" என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பங்கு ஆபத்து 16, 18 வகைகளால்தான் வருகிறது. அவற்றை மூன்று ஊசிகளுமே தடுக்கின்றன.

தனியார் மருத்துவமனையில் 9 முதல் 14 வயது வரை 2 டோஸ், ஆறு மாத இடைவெளியில். முதல் ஊசி போடும் நாளின் வயதுதான் கணக்கு. 15 வயதைத் தாண்டித் தொடங்கினால் 0, 2, 6 மாதம் என்று 3 டோஸ் போடச் சொல்வார்கள், செலவும் கூடும். 2 டோஸ் போடும்போது இரண்டுக்கும் இடையே 5 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் மூன்றாவது தேவைப்படும். தாமதமானால் கவலையில்லை: எட்டு மாதமானாலும் பத்து மாதமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். அரசுத் திட்டத்தில் ஒரு டோஸ் மட்டும் போட்டால், ஆரோக்கியமான பிள்ளைக்கு அது அரைகுறை என்று நினைக்காதீர்கள். எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளைக்கும் மட்டும் குறைந்தது 2, முடிந்தால் 3 தேவை. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில், 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட ரூ.36 கோடி அறிவித்தது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துவிட்டு அப்புறம் தனியாரிடம் போங்கள்.

மருந்துக்கடையில் வாங்கி வரச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இந்த ஊசியில் அதைத் தவிர்ப்பது நல்லது. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. இதிலுள்ள அலுமினிய உப்பு உறைந்தால் மருந்து கட்டிதட்டி வீரியம் போய்விடும். ஐஸ் கட்டியோடு ஒட்டிவைத்து எடுத்துவருவதில் நடக்கும் தவறு இதுதான். கிளினிக்கின் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் போடச் சொல்லுங்கள். போடும் முன் குப்பியை வாங்கிப் பெயர், காலாவதித் தேதி பாருங்கள். குலுக்கிய பின் பாலைத் தண்ணீரில் கலந்ததுபோல் ஒரே சீராக வெண்மையாக இருக்க வேண்டும். துகள் மிதந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசி போடும் நாள் சனிக்கிழமையாக இருந்தால் வசதி. மாதவிடாய் நாளாக இருந்தாலும், சாதாரணச் சளி இருந்தாலும் போடலாம். அதிகக் காய்ச்சல் என்றால் மட்டும் தள்ளிவையுங்கள். முன்பு எந்தத் தடுப்பூசிக்காவது உடம்பெல்லாம் தடித்து மூச்சுத்திணறியிருந்தால், அல்லது ஈஸ்ட் ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு கூட்டிப்போகாதீர்கள்: இட்லியோ சோறோ சாப்பிட்டு, பெரிய டம்ளரில் தண்ணீர் குடிக்கட்டும். இறுக்கமான சுடிதார் கை வேண்டாம். எழுதாத கையில், தோளுக்குக் கீழே புடைத்த தசையில் அரை மில்லி போடுவார்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டதும் மயக்கம் வருவது சகஜம். மருந்தால் வருவதைவிடப் பயத்தாலும் வலியாலும் வருவதே அதிகம். நின்றபடி விழுந்து தலையில் அடிபடுவதுதான் உண்மையான ஆபத்து. எனவே உட்கார்ந்தோ படுத்தோ போட்டுக்கொண்டு 15 நிமிடம் அங்கேயே இருக்கட்டும். பள்ளியில் போடுவதானால், வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் படாத தனி அறையில் போடச் சொல்லுங்கள். ஒருத்தி மயங்குவதைப் பார்த்தால் அடுத்தடுத்து நாலு பேர் மயங்குவார்கள். மாலைக்குள் அது ஊர் வதந்தியாகிவிடும்.

அன்று இரவு கை வலிக்கும், கொஞ்சம் வீங்கலாம், தலைவலியோ லேசான காய்ச்சலோ வரலாம். 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று கொடுக்கலாம், அடுத்ததற்கு ஆறு மணி நேரம் போகட்டும். கையை அசைத்துக்கொண்டே இருந்தால் வலி சீக்கிரம் குறையும். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். இது மிக மிக அரிது. வந்தால் பெரும்பாலும் ஊசி போட்ட முதல் அரைமணி நேரத்துக்குள்தான் வரும்.

மகனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆண்களுக்கும் இந்த வைரஸால் தொண்டை, ஆசனவாய்ப் புற்றுகள் வருகின்றன. வசதியிருந்தால் அவனுக்கும் போடலாம். பணம் ஒருவருக்குத்தான் இருக்கிறதென்றால் மகளுக்குப் போடுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. உங்களுக்கு 30 வயது தாண்டியிருக்கும். மகளை அழைத்துப்போகும் அதே நாளில் நீங்களும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வது எளிமையானது: நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெட்டுவதில்லை, மயக்க மருந்து இல்லை, பணமும் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், இந்தப் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்து தேவையானவர்களுக்குச் சிகிச்சை தந்ததிலேயே இந்நோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். ஊசி போட்ட உங்கள் மகளும் 30 வயதில் இதைத் தொடங்க வேண்டும். அவளுடைய தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக எடுத்துவைத்து, கல்யாணமாகிப் போகும்போது அவள் கையில் கொடுத்தனுப்புங்கள்.