துணை அதிபர் வேட்பாளரின் தேர்வு ஒரு பிரசாரத்தின் போக்கை மாற்றுமா?

அமெரிக்காவில் மக்கள் அதிபரை மனத்தில் வைத்துத்தானே வாக்களிக்கிறார்கள், துணை அதிபர் வேட்பாளர் யாராக இருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான தேர்தல்களுக்கு உங்கள் கணிப்பு பொருந்தும். ஆனால், ஆட்சிக்கு வரும் முன்பே ஒரு வேட்பாளர் ஊரறிய எடுக்கும் முதல் பெரிய முடிவு அந்தத் தேர்வுதான். ஆகவே துணை வேட்பாளர் மேடையேறும்போது மக்கள் எடைபோடுவது அவரை மட்டுமன்று, அவரைத் தேர்ந்தெடுத்தவரையும் சேர்த்துத்தான்.

வாக்குகளாகவே பலன் தெரிந்த தேர்வுக்கு 1960ஐச் சொல்வார்கள். அதற்கு முந்தைய இரண்டு தேர்தல்களிலும் குடியரசுக் கட்சியின் ஐசனோவர் பக்கம் போயிருந்த டெக்சஸ் மாநிலம், அந்த மண்ணின் மைந்தரான லிண்டன் ஜான்சனை ஜான் கென்னடி துணைக்குச் சேர்த்துக்கொண்ட பிறகு, ஏறத்தாழ 46,000 வாக்கு வித்தியாசத்தில் ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பியது.

என்னை அதிகம் பாதித்தது 1972ஆம் ஆண்டின் கதை. மயாமி பீச் மாநாட்டில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரான ஜார்ஜ் மெக்கவர்ன், வேட்புரிமைக்காக நடந்த உட்கட்சிச் சண்டையிலேயே முழுக் கவனத்தையும் செலவிட்டிருந்ததால், துணை வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அவருக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட ஒரே ஒரு பகல்தான். எட்வர்ட் கென்னடி உள்ளிட்ட சிலர் மறுத்துவிடவே, மிசோரி மாநில செனட்டர் தாமஸ் ஈகிள்டனைத் தொலைபேசியில் அழைத்தார்கள். பின்னாளில் சிக்கலாகக்கூடிய பழைய விஷயம் ஏதேனும் உண்டா என்று மெக்கவர்னின் உதவியாளர் கேட்டார், இல்லை என்று பதில் வந்தது, அத்துடன் விசாரணை முடிந்தது. மாநாட்டு நடவடிக்கைகள் இழுத்துக்கொண்டே போனதால், மெக்கவர்ன் தம் ஏற்புரையைத் தொடங்கியபோது அதிகாலை மூன்று மணியை நெருங்கிவிட்டது. நாட்டின் பெரும்பகுதி அப்போது உறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டே வாரங்களுக்குள், ஜூலை 25 அன்று, தெற்கு டகோட்டாவில் செய்தியாளர்கள் முன்னிலையில் ஈகிள்டன் உண்மையைச் சொன்னார்: 1960க்கும் 1966க்கும் இடையில் மனச்சோர்வுக்காக மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார், மின்னதிர்ச்சி சிகிச்சையும் பெற்றிருக்கிறார். ஒரு மனிதர் நோய்வாய்ப்பட்டு, சிகிச்சை பெற்று, மீண்டு வந்து செனட்டராகப் பணியாற்றியதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். அவர் அதை மறைக்க வேண்டியிருந்ததை அந்தக் காலத்தின் குறையாகவே பார்க்கிறேன்.

ஆனால் பிரசாரத்தைச் சாய்த்தது அதன் பிறகு நடந்தது. ஈகிள்டனுக்குத் தம் ஆதரவு 1,000 சதவீதம் என்று அறிவித்த மெக்கவர்ன், நன்கொடையாளர்களும் நாளிதழ்களும் நெருக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே, தாம் தங்கியிருந்த விடுதியில் இரவு உணவருந்திக்கொண்டிருந்த செய்தியாளர்களின் மேசைகளுக்குத் தாமே சென்று, அவர் விலகுவதே நல்லது என்று பொருள்படப் பேசினார். அப்போது ஈகிள்டன் இவருக்காகவே வேறு மாநிலத்தில் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜூலை 31 அன்று அவர் விலகினார். வேட்பாளராக அவர் இருந்தது 18 நாட்கள். அவருடைய இடத்துக்கு, மேலும் பலர் மறுத்த பின், சார்ஜென்ட் ஷ்ரைவர் வந்தார்.

அப்போதைய அதிபரும் குடியரசுக் கட்சி வேட்பாளருமான நிக்சனை எதிர்த்து நின்ற மெக்கவர்னிடம் இருந்த பெரிய முதலீடே, சொன்ன சொல் மாறாத நேர்மையாளர் என்ற பெயர்தான். அந்தப் பெயர் ஒரே வாரத்தில் கரைந்தது. கருத்துக்கணிப்புகளில் அவர் முன்பே பின்தங்கியிருந்தார் என்பதால், ஈகிள்டன் விவகாரமே தோல்விக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; ஆனால் நிக்சன் 49 மாநிலங்களை வென்ற அந்தப் படுதோல்வியில், பிரசாரத்தின் மிக முக்கியமான கோடைக்கால வாரங்கள் இப்படி வீணானதற்குக் கட்டாயம் பங்கு உண்டு.

1976இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரான ஜிம்மி கார்ட்டர் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. பரிசீலனையில் இருந்தவர்களின் பின்னணியை ஆராயச் செய்து, சிலரைத் தம் சொந்த ஊரான பிளெயின்ஸுக்கே வரவழைத்து நேரில் பேசிய பிறகே வால்டர் மாண்டேலைத் தேர்ந்தெடுத்தார். துணை வேட்பாளர்களின் மருத்துவப் பதிவுகளையும் வரிக்கணக்குகளையும் வாரக்கணக்கில் துருவிப் பார்க்கும் இன்றைய வழக்கம் அங்கிருந்துதான் வேரூன்றியது.

ஈகிள்டனைப் பொறுத்தவரை, அவருடைய நோயைப் பற்றி அனைத்தும் தெரிந்திருந்த மிசோரி வாக்காளர்கள், 1974இலும் 1980இலும் அவரையே செனட்டுக்குத் திரும்ப அனுப்பினார்கள்.