ஸ்டோர் ரூம் கீபோர்டுகளில் எதை எடுப்பது, எதை லோரிக்கு விடுவது?

கேள்வி: அண்ணே, நான் பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆபிஸ் இடம் மாறுகிறது. ஸ்டோர் ரூமில் பழைய கீபோர்டுகள் குவிந்து கிடக்கின்றன, வெள்ளிக்கிழமை பழைய சாமான் லோரி வருகிறது. வேண்டியதை எடுத்துக்கொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மோட்டாரில் வருகிறேன், நாலைந்துக்கு மேல் தூக்க முடியாது. ஒன்று ஐபிஎம், பயங்கர கனம், ஆனால் வயரே இல்லை. வைஸ் என்று ஒன்று, டெலிபோன் பிளக் மாதிரி இருக்கிறது. டெல் நிறைய. ஏசர், ஹெச்பி, பெயரே இல்லாததும் இருக்கின்றன. எதை எடுக்கலாம்? லேப்டாப்பில் வேலை செய்யுமா?

பதில்: வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை, அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. அந்த ஐபிஎம்மை வயர் இல்லாவிட்டாலும் எடுங்கள். டெல்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, லேபலில் ஏடி101 அல்லது ஏடி101டபிள்யூ என்று மாடல் எண் இருப்பதை மட்டும் எடுங்கள், மற்ற டெல்களை யோசிக்காமல் விடலாம். வைஸையும் எடுங்கள், ஆனால் வீட்டுக்குப் போனதும் லேப்டாப்பில் செருகலாம் என்று நினைத்து அல்ல. மிச்சமுள்ள இடத்துக்கு எதை எடுப்பது என்று கண்டுபிடிக்கத்தான் கீழே எழுதியிருப்பது.

முன்பக்கம் இருக்கும் பெயர் உங்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்லாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் ஐபிஎம் என்று பார்த்ததும் தூக்குகிறார்கள், பெயர் தெரியாத தைவான் கம்பெனி என்று பார்த்ததும் விட்டுவிடுகிறார்கள், இரண்டுமே தப்பாக முடியலாம். ஒரே ஐபிஎம் பெயரில் உலகத்தின் மிகச் சிறந்த கீபோர்டும் வந்திருக்கிறது, கம்ப்யூட்டரோடு இலவசமாகக் கொடுத்த சாதாரண ரப்பர் கீபோர்டும், அதாவது கீக்கு அடியில் ரப்பர் கிண்ணம் மட்டும் உள்ளதும் வந்திருக்கிறது. பார்க்க வேண்டியவை மூன்று: பின்னால் உள்ள லேபல், வயரின் முனை, ஒரு கீயைக் கழற்றினால் உள்ளே தெரிவது.

ஐபிஎம்மிலிருந்து ஆரம்பிப்போம். கவிழ்த்தால் ஒரு வெள்ளை லேபல் இருக்கும், அதில் மாடல் எம் என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. 1985-இல் வந்தது இந்த மாடல். பார்ட் நம்பர் 1391401 என்றால் அமெரிக்க லேஅவுட், உலகம் முழுக்க அதிகமாகக் கிடைப்பது இதுதான். 1391406 என்றால் பிரிட்டிஷ் லேஅவுட், எண் 3-க்கு மேலே பவுண்டு குறி இருக்கும், என்டர் கீ உயரமாக இருக்கும். 1390131 என்று இருந்து, முகப்பில் வெள்ளி நிறச் சதுர பேட்ஜும் இருந்தால் அது ஆரம்ப காலத்தது, கூடுதல் கவனமாக எடுத்து வையுங்கள். பெரும்பாலும் அதே லேபலில் தயாரித்த தேதியும் அச்சாகியிருக்கும், அதனால் வயதை ஊகிக்க வேண்டியதில்லை. லெக்ஸ்மார்க் என்று இருந்தாலும் ஒதுக்காதீர்கள்: 1991-இல் ஐபிஎம்மிலிருந்து பிரிந்த கம்பெனி அது, அதே கீபோர்டைத் தொடர்ந்து செய்தது. 1996-க்கு அப்புறம் யூனிகாம்ப் என்ற கம்பெனி அமெரிக்காவில் கென்டக்கியில் இன்னும் செய்துகொண்டிருக்கிறது.

இதன் உள்ளே ஒவ்வொரு கீக்கும் கீழே ஒரு ஸ்பிரிங் நிற்கிறது. அழுத்த அழுத்த அது வளைந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் மடங்கும், அந்த நொடியில்தான் எழுத்து பதிகிறது, அதே நொடியில்தான் 'டக்' என்ற சத்தமும் வருகிறது. விரலுக்குத் தெரிவதும் கம்ப்யூட்டருக்குப் போவதும் ஒன்றாக நடப்பதால், நாள் முழுக்க எண் அடிக்கிறவர்களுக்கு இதை விட்டு வேறு பிடிக்காமல் போய்விடுகிறது. கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், வலது பக்க எண் பகுதியில் நாலு வரி அடித்துப் பாருங்கள், புரியும். ஒரு எச்சரிக்கை: மாடல் எம் பெயரிலேயே சத்தமில்லாத ரப்பர் வகையும் உண்டு, அதனால் லேபலைப் பார்த்ததோடு நிற்காமல் பத்துப் பதினைந்து கீயையாவது அழுத்திப் பாருங்கள். பிறகு காதருகே வைத்து மெதுவாகச் சாய்த்து ஆட்டுங்கள். உள்ளே மணல்போல் ஏதோ உருண்டால் அது உடைந்த பிளாஸ்டிக் ரிவெட். உள் தகடுகளை இணைத்துப் பிடிப்பவை அவை, வயதாக ஆக ஒவ்வொன்றாகத் தலை தெறிக்கும். சில உடைந்திருந்தால் பயமில்லை, சின்ன போல்ட் போட்டுச் சரிசெய்கிறார்கள். திறப்பதற்கு சாதாரண ஸ்க்ரூடிரைவர் உதவாது, 5.5 மில்லிமீட்டர் நட் டிரைவர் வேண்டும், மெல்லிய கழுத்து உள்ளதாக, ஏனென்றால் திருகுகள் குழிக்குள் ஆழமாக இருக்கின்றன.

அடுத்து வயரின் முனை. பென்சில் தடிமனுக்கு மேல் பெரிய வட்ட பிளக், ஐந்து பின் என்றால் 1980-களின் பழக்கம். சின்ன வட்ட பிளக், ஆறு பின் என்றால் 1987-இல் ஐபிஎம் பிஎஸ்/2 கம்ப்யூட்டரோடு வந்தது. பெரிய பிளக்கில் ஒரு சிக்கல் உண்டு: 1981-இன் முதல் ஐபிஎம் பிசியின் எக்ஸ்டி வகையும், 1984-இல் வந்த ஏடி வகையும் ஒரே பிளக், ஆனால் பேசும் முறை வேறு. ஏடி வகையை ஒரு சின்ன அடாப்டர் போட்டு பிஎஸ்/2 ஆக்கலாம். எக்ஸ்டி அப்படி ஓடாது, அதற்குத் தனி கன்வர்ட்டர் தேவை. எது என்று எப்படித் தெரியும்? எஃப்1 முதல் எஃப்10 வரை இடது பக்கம் இரண்டு வரிசையாக நின்று, கேப்ஸ் லாக் விளக்குகளே இல்லை என்றால் எக்ஸ்டியாக இருக்கலாம். தைவான் கீபோர்டுகள் பலவற்றில் அடியில் எக்ஸ், ஏ என்று குறித்த ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், அதை ஏ பக்கம் தள்ளினால் போதும். விண்டோஸ் சின்னம் உள்ள கீ இருந்தால் பொதுவாக 1990-களின் நடுப்பகுதிக்கு இந்தப் பக்கம்தான், ஆனால் அது இல்லாததாலேயே பழையது என்று முடிவு கட்டாதீர்கள், ஐபிஎம் அந்த கீ இல்லாமலே பல வருடம் செய்தது.

டெலிபோன் பிளக் மாதிரி இருப்பவை டெர்மினல் கீபோர்டுகள், அதாவது பெரிய மெயின் கம்ப்யூட்டரோடு பேசும் திரைக்கென்று செய்தவை. கப்பல், வங்கி, விமான டிக்கெட் மாதிரி இடங்களில் இவை நிறைய இருந்தன, உங்கள் ஆபிஸில் வைஸ் கிடைத்தது ஆச்சரியமில்லை. தயவுசெய்து அதை நெட்வொர்க் சாக்கெட்டிலோ டெலிபோன் சாக்கெட்டிலோ செருகிப் பார்க்காதீர்கள். மேலே 24 எஃப் கீகளும் இடது பக்கம் பத்து கீகளும் உள்ள நீளமான ஐபிஎம் ஒன்று தென்பட்டால் அதுவும் டெர்மினல் வகைதான், 122 கீ, மோட்டாரில் கட்டுவது சிரமம் என்றாலும் நான் அதை முதலில் எடுப்பேன்.

இப்போது உள்ளே பார்ப்பது. ஆபிஸில் பேப்பர் கிளிப் கிடைக்கும், இரண்டை நிமிர்த்திக் கொக்கிபோல் வளைத்து, கீயின் இரு பக்கமும் நுழைத்து நேராக மேலே இழுங்கள். கத்தியால் நெம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் தண்டு உடையும். ஸ்பேஸ்பார், என்டர், ஷிஃப்ட் இவற்றைத் தொடாதீர்கள், அடியில் கம்பி மாட்டியிருக்கும். ஸ்க்ரோல் லாக் மாதிரி யாரும் தொடாத கீ ஒன்று போதும்.

உள்ளே கூட்டல் குறி வடிவில் தண்டு தெரிந்தால் அது செர்ரி எம்எக்ஸ் என்ற சுவிட்ச், செர்ரி என்ற ஜெர்மன் கம்பெனியுடையது, 1980-களிலிருந்து வருவது. உங்கள் வைஸில் பெரும்பாலும் கறுப்புத் தண்டு இருக்கும், அது செர்ரி எம்எக்ஸ் கறுப்பு, நடுவில் தடங்கல் இல்லாமல் நேராக இறங்குவது. அந்த கீயையும் திருப்பிப் பாருங்கள். எழுத்து மேலே அச்சடித்ததாக இருக்காது, வேறு நிற பிளாஸ்டிக்கே உள்ளிருந்து எழுத்தாக மேலே வந்திருப்பது அடிப்பக்கத்தில் தெளிவாகத் தெரியும். முப்பது வருடம் அடித்தாலும் அந்த எழுத்து அழியாது. இந்த கீகளுக்காகவே வைஸைப் பிரித்துவிட்டு மீதியைக் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, முழுசாக இருக்கும் டெர்மினல் கீபோர்டு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது.

செர்ரி என்றே பெயர் போட்ட கீபோர்டு கிடைத்தால் கழற்றவே வேண்டாம், லேபல் எண்ணின் முதல் பகுதியே சொல்லிவிடும். ஜி80 என்றால் எம்எக்ஸ் சுவிட்ச், எடுங்கள். ஜி81 என்றால் எம்ஒய், கொஞ்சம் கடினமாக அழுந்தும், எனக்குப் பிடிக்காது. ஜி83 ரப்பர். ஜி84 என்றால் சின்ன அளவு, எம்எல் சுவிட்ச்.

கூட்டல் குறிக்குப் பதில் நீள்சதுரத் துவாரம் இருந்தால் ஆல்ப்ஸ் சுவிட்ச் அல்லது அதன் நகல். ஜப்பானின் ஆல்ப்ஸ் கம்பெனியே செய்தது என்றால் பெரும்பாலும் சுவிட்ச் மூடியில் பொடி எழுத்தில் பெயர் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். தண்டின் நிறம் முக்கியம்: நீலமும் வெள்ளையும் சத்தம் போடுபவை, நீலம்தான் ஆட்கள் தேடி அலைவது. கறுப்புக்கு சத்தம் குறைவு, நடுவில் ஒரு சின்னத் தடங்கல் மட்டும். நான் எடுக்கச் சொன்ன டெல் ஏடி101, ஏடி101டபிள்யூ இரண்டிலும் பெரும்பாலும் இருப்பது இந்தக் கறுப்பு ஆல்ப்ஸ். டபிள்யூ என்பது விண்டோஸ் கீ உள்ளது. 1990-களின் நடுப்பகுதியிலிருந்தே டெல் நம் பினாங்கில் தொழிற்சாலை வைத்திருக்கிறது, இங்குள்ள ஆபிஸ்களில் டெல் குவிந்து கிடப்பது இயல்புதான். ஆனால் பின்னாளில் வந்த மெல்லிய கறுப்பு டெல்கள் எல்லாம் ரப்பர், நூறு கிடந்தாலும் வேண்டாம். பழைய ஏசர்களில் சில ஏமாற்றும்: 6311, 6312 மாடல்களில் ஆல்ப்ஸ் மாதிரியே துவாரமும் இருக்கும், சத்தமும் வரும், ஆனால் எழுத்தைப் பதிவது அடியில் உள்ள பிளாஸ்டிக் தாள்தான். மோசமில்லை, இடம் மிச்சம் இருந்தால் எடுக்கலாம்.

பெயரே இல்லாததற்கு லேபலில் எஃப்சிசி ஐடி என்று ஒரு வரி தேடுங்கள். அமெரிக்க அனுமதி எண் அது, அதன் முதல் மூன்று எழுத்து யார் பெயரில் அனுமதி வாங்கியது என்று காட்டும். ஈ8ஹெச் என்றால் சிகோனி, ஈ5எக்ஸ் என்றால் பிடிசி, இரண்டும் தைவான். சிகோனியில் எல்லாத் தரமும் உண்டு, அதனால் அதை மட்டும் கட்டாயம் ஒரு கீ கழற்றிப் பாருங்கள். கழற்றினால் ரப்பர் கிண்ணம் தெரிகிறதா, திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

லேப்டாப் விஷயம். பிஎஸ்/2 பிளக் உள்ளதற்கு யுஎஸ்பி கன்வர்ட்டர் வேண்டும், உள்ளே சிப் இருப்பது, குட்டி வால் மாதிரி வயரோடு வரும். மௌசோடு இலவசமாக வந்த ஊதா, பச்சைத் துண்டு அடாப்டர் இந்தக் கீபோர்டுகளுக்கு உதவாது, அதில் சிப்பே இல்லை. மிக மலிவான கன்வர்ட்டரில் மாடல் எம் சில சமயம் எழுத்தை விழுங்கும், அப்படி நடந்தால் கீபோர்டைக் குறை சொல்லாமல் கன்வர்ட்டரை மாற்றிப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரில் நேராகச் செருகுவதாக இருந்தால் அதை அணைத்துவிட்டுச் செருகுங்கள். எக்ஸ்டிக்கும் டெர்மினல் வகைகளுக்கும் சின்ன மைக்ரோகண்ட்ரோலர் பலகை வைத்துக் கன்வர்ட்டர் செய்கிறார்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதற்கான புரோகிராம் தேட வேண்டும், வைஸுக்குக் கொஞ்சம் பொறுமை தேவைப்படும்.

மேனேஜர் வாயால் சொன்னது போதாது, ஒரு வரி மின்னஞ்சலாவது வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிச் சொத்துப் பட்டியலில் அந்தக் கீபோர்டுகள் இருக்கலாம், பின்னால் இருக்கும் சொத்து ஸ்டிக்கரை யாராவது ஆறு மாதம் கழித்துத் தேடலாம். அதோடு மின்கழிவு மலேசியாவில் 2005 விதிமுறைப்படி எஸ்டபிள்யூ 110 என்ற அட்டவணைக் கழிவு, கம்பெனிகள் அதை சுற்றுச்சூழல் துறை உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். வரும் லோரி அப்படிப்பட்டதா என்று மேனேஜரிடம் கேட்டு வைப்பது அவருக்கே நல்லது.

வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் வெளியிலேயே கவிழ்த்துத் தட்டுங்கள். துறைமுகப் பக்கத்து ஸ்டோர் ரூம், கரப்பான், எறும்பு, பல்லி முட்டை எல்லாம் உள்ளே இருக்கும். கீகளைப் படம் எடுத்துவிட்டுக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு ஊற வைக்கலாம். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு நாள் ஃபேனடியில் காய விடுங்கள். வெயிலில் வேண்டாம், மஞ்சளாகும். மாடல் எம்மை அப்படியே குழாயடியில் காட்டாதீர்கள், உள்ளே உள்ள பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையில் தண்ணீர் போனால் அரித்துவிடும். ஆல்ப்ஸ் சுவிட்சில் எண்ணெய் ஸ்பிரே அடிக்கவே கூடாது.

கடைசியாக அந்த ஐபிஎம்மின் வயர். அது அறுந்து போகவில்லை, கழற்றும்படிதான் செய்திருக்கிறார்கள், பின்விளிம்பில் ஒரு அகலமான சாக்கெட் இருப்பதைப் பாருங்கள். ஒரு முனையில் டெலிபோன் பிளக்கைவிட அகலமான பிளக்கும் மறுமுனையில் வட்ட பிளக்கும் உள்ள சுருள் வயர் அதே ஸ்டோர் ரூமில் பழைய பவர் வயர்கள் போட்ட பெட்டியில் இருக்க நிறைய வாய்ப்புண்டு. கீபோர்டுகளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டியைக் கிளறுங்கள்.